மூடிய அறையா, திறந்த மேசையா?

வர்த்தக ஒப்பந்தம் பேச இரண்டு வழி. முடியும்வரை வரைவை வெளியே விடாமல் பேசுவது ஒன்று. பேசும்போதே ஆவணங்களை வெளியிடுவது மற்றொன்று.

ரகசியத்துக்கும் நியாயம் உண்டு. எந்த வரியை எவ்வளவு குறைக்கத் தயார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், எதிர்த்தரப்பு அதற்கு மேல்தான் கேட்கும். சரி, ஆனால் பேச்சு இப்போது வரியோடு நிற்பதில்லை. மருந்துக் காப்புரிமை, உணவுத் தரம், அரசின் மீது முதலீட்டாளர் வழக்குப் போடும் உரிமை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இவற்றை மக்களிடம் மறைத்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? பசிபிக் நாடுகளின் டிபிபி ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயம் 2013-ல் விக்கிலீக்ஸ் வழியாகத்தான் வெளியே வந்தது. போலிப் பொருள் தடுப்புக்கான ஆக்டா ஒப்பந்தத்தை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2012-ல் 478-க்கு 39 என்ற வாக்குகளில் நிராகரித்தது. ரகசியமாகப் பேசியதன் மீதான கோபத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

திறந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் இல்லை. அமெரிக்காவுடனான டிடிஐபி பேச்சில் ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் தன் முன்மொழிவுகளை வெளியிட்டது. எதிர்ப்பு அடங்கவில்லை, எதிர்த்தரப்பின் நிலைப்பாடு மூடியே இருந்தது, அதுவும் 2016-ல் கசிந்தது.

என் ஓட்டு ஆவணங்களை வெளியிடும் இரண்டாவது வழிக்கே, ஒரு விதிவிலக்கோடு: வரி எண்களை மூடி வைக்கலாம், விதிகளின் வாசகத்தைக் கூடாது. அதையும் காலத்தோடு காட்ட வேண்டும். 2021-ல் காலாவதியான அமெரிக்காவின் 2015 சட்டப்படி, கையெழுத்துக்கு 60 நாள் முன்பு முழு வாசகம் வெளியாக வேண்டியிருந்தது. அப்புறம் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒப்பந்தத்தை ஏற்கவோ தள்ளவோ முடிந்தது, திருத்த முடியவில்லை.