வைட்லக்ஸ் எஃப்7: ஒரு நடிகர் கையில் பார்த்த கேமரா, என் கையில் இரண்டு வருஷம்

சினிமாவில் ஸ்டில்ஸ் எடுப்பது என் தொழில். 22 வருஷம் ஆகிறது. டிஜிட்டல் பாடி இரண்டு, லென்ஸ் ஆறு, இதுதான் பிழைப்பு. இந்த மூட்டையோடு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பழைய ஃபிலிம் கேமராவும் சேர்ந்தது. வைட்லக்ஸ் எஃப்7. அகலமான பனோரமா படம் எடுக்கிற கேமரா, டோக்கியோவில் பேனான் என்ற கம்பெனி செய்தது. இதுவரை 43 ரோல் ஓட்டிவிட்டேன். "வாங்கலாமா சார்?" என்று தம்பிகள் அடிக்கடி போன் பண்ணுகிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஹாலிவுட் நடிகர் ஜெஃப் பிரிட்ஜஸைச் சொல்லாமல் இந்தக் கேமராவைப் பற்றிப் பேச எனக்கு வராது. 'அயர்ன் மேன்' முதல் படத்தில் மொட்டைத் தலையும் தாடியுமாக வந்த வில்லன் என்றால் சட்டென்று முகம் ஞாபகம் வரும். சாலிகிராமத்தில் ஒரு ஒளிப்பதிவாளரின் ஆபீஸில் காத்திருந்தபோது அலமாரியில் அவருடைய புகைப்படத் தொகுப்பு கிடந்தது. 2003-ல் வந்த புத்தகம். பிரிட்ஜஸ் புகைப்படம் எடுப்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பெரிய நடிகர் பொழுதுபோக்காக எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் பிரித்தேன். மூன்றாவது பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எல்லாமே வைட்லக்ஸில் எடுத்த ஷூட்டிங் ஸ்பாட். ஒரு ஓரத்தில் நடிகர், மறு ஓரத்தில் லைட் தூக்கும் ஆள், நடுவில் வயரும் ஸ்டாண்டும் ஏணியும். படங்களுக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே குறிப்புகள். நான் தினமும் நின்று வேலை பார்க்கிற இடம் அது. அதை நான் ஒரு தடவைகூட அப்படி எடுத்ததில்லை.

எங்கள் வேலையின் கணக்கு வேறு. ஃபிரேமுக்குள் லைட் ஸ்டாண்டு தெரிந்தால் அந்த ஸ்டில் செல்லாது. போஸ்டருக்கு ஹீரோ முகம் வேண்டும், பின்னால் ஆள் நடமாட்டம் கூடாது. அந்தக் கணக்கிலேயே 20 வருஷம் ஓடியிருந்தது.

பிரிட்ஜஸ் பிறந்தது 1949. அப்பா லாயிட் பிரிட்ஜஸும் நடிகர், அப்பாவின் டிவி தொடரில் பொடியனாகத் தலைகாட்டியவர் இவர். 1971-ல் 'த லாஸ்ட் பிக்சர் ஷோ'. டெக்ஸாஸ் சிற்றூர்ப் பையன் வேஷம், துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை. அதிலிருந்து மொத்தம் ஏழு பரிந்துரை. விருது ஒன்றே ஒன்று, 'கிரேஸி ஹார்ட்' படத்தில் குடியில் கரைந்துபோன நாட்டுப்புறப் பாடகனுக்காக, 60 வயதில். மறு வருஷமே 'ட்ரூ கிரிட்'டில் ஒற்றைக் கண் மார்ஷல். அவரை ஹீரோ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அவர் குணச்சித்திர நடிகர். அந்த மார்ஷல் குதிரையில் உட்கார்ந்திருக்கும் விதத்தையும், பாடகன் மேடைக்குப் பின்னால் நிற்கும் விதத்தையும் பாருங்கள். முதுகுகூட வேறு ஆளின் முதுகாகத்தான் இருக்கும். ஸ்டில்ஸ்காரனுக்கு இதெல்லாம் கண்ணில் படும். முகம் மாறுகிற நடிகர்கள் நிறையப் பேர், முதுகு மாறுகிறவர்கள் குறைவு.

1992-ல் 'அமெரிக்கன் ஹார்ட்' என்ற படத்தை அவரே தயாரிப்பாளராகவும் இருந்து எடுத்தார். சிறையிலிருந்து வரும் அப்பனும் அவன் மகனும், சியாட்டில் நகரத்தில். இயக்கியவர் மார்ட்டின் பெல். அவர் மனைவி மேரி எலன் மார்க் பெரிய புகைப்படக் கலைஞர், நம் நாட்டு சர்க்கஸ் கூடாரங்களுக்குள் போய்ப் படமெடுத்தவர். இந்தத் தம்பதி சியாட்டில் தெருப்பிள்ளைகளைப் பற்றி 1984-ல் ஒரு ஆவணப்படம் கொண்டுவந்தார்கள். 'அமெரிக்கன் ஹார்ட்' முளைத்தது அதிலிருந்துதான். நடிகர் தன் உழைப்பையும் பெயரையும் எங்கே கொண்டுபோய் வைக்கிறார் என்று பார்த்தால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். இவர் வைத்தது புகைப்படக்காரர்கள் கண்டெடுத்த கதையில்.

வைட்லக்ஸ் அவர் கைக்கு வந்தது 1977-ல். கல்யாணத்துக்குப் படமெடுக்க வந்தவர் இதை வைத்து எடுத்ததைப் பார்த்து, மனைவி சூசன் பிரிட்ஜஸுக்கே ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார். 1984-ல் 'ஸ்டார்மேன்' ஷூட்டிங்கிலிருந்து ஸ்பாட்டில் எடுக்க ஆரம்பித்து, ஒவ்வொரு படம் முடியும்போதும் யூனிட்டில் உள்ளவர்களுக்கு ஆல்பம் போட்டுக் கொடுப்பது வழக்கமாயிற்று. பிறகு வந்ததுதான் நான் பார்த்த புத்தகம். அதில் வந்த பணம் நலிந்த சினிமாத் தொழிலாளர்களைக் கவனிக்கும் அறக்கட்டளைக்குப் போயிற்று. 2013-ல் நியூயார்க்கின் சர்வதேச புகைப்பட மையம் அவருக்கு இன்ஃபினிட்டி விருது கொடுத்தது. நடிகர் என்பதற்காகக் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. படங்கள் அப்படி.

இனி கேமராவுக்கு வருகிறேன்.

சாதாரண 35 மி.மீ. ஃபிலிம்தான். ஆனால் உள்ளே ஃபிலிம் நேராக நிற்காமல் வில் மாதிரி வளைந்து நிற்கும். லென்ஸ் ஒரு உருளைக்குள் உட்கார்ந்திருக்கும், 26 மி.மீ. பட்டனை அழுத்தினால் அந்த உருளை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் திரும்பும். உருளையில் மெல்லிய பிளவு. அது கடந்து போகிற இடத்தில் மட்டும் ஃபிலிமில் வெளிச்சம் விழும், கூட்டுமாற்றால் திண்ணையைப் பெருக்கிக்கொண்டே போவது மாதிரி. 140 டிகிரி அகலம் ஒரே படத்தில் வந்துவிடும். சாதாரண நெகட்டிவ் 36 மி.மீ. அகலம், இது 59. அதனால் 36 படம் வரும் ரோலில் இங்கே 21 தான். பேட்டரி கிடையாது, வெளிச்சம் அளக்கும் மீட்டர் கிடையாது, ஃபோகஸ் வளையமும் கிடையாது. ஷட்டர் வேகம் மூன்றே மூன்று: 1/15, 1/125, 1/250 வினாடி. அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், 2.8 (அகலத் திறப்பு) முதல் 11 (குறுகல்) வரை. 11-ல் வைத்தால் ஐந்தடியிலிருந்து கடைசி வரை கூர்மை. 2.8-க்குத் திறந்தால் எட்டடி முதல் பதினெட்டு அடி வரை நம்பலாம், அதற்கு மேல் பின்னணி இளகிவிடும்.

1/15-ல் வைத்தால் ஃபிலிமில் ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் விழுவது 1/15 வினாடிதான், ஆனால் அந்த உருளை ஓரத்திலிருந்து ஓரம் போய் முடிக்க ஒரு வினாடிக்கு மேல் ஆகும். இந்தக் கேமராவின் உயிர் அந்த ஒரு வினாடியில்தான் இருக்கிறது. இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே நேரத்தில் எடுத்தவை அல்ல. ஒரே படத்துக்குள் நேரம் ஓடுகிறது.

பிரிட்ஜஸ் இதைத் தெரிந்துகொண்டது பள்ளிக்கூடத்தில். அங்கே முழுப் பள்ளிக்கும் குரூப் போட்டோ எடுக்க இப்படித் திரும்புகிற பெரிய கேமரா வரும். ஒரு ஓரத்தில் நிற்கும் பையன் லென்ஸ் தன்னைத் தாண்டியதும் எல்லாருக்கும் பின்னால் ஓடி மறு ஓரத்தில் போய் நின்றுகொள்வான். போட்டோவில் இரண்டு தடவை இருப்பான். அந்தத் தந்திரத்தை வைத்தே, தன்னோடு நடித்தவர்களை அவர் வைட்லக்ஸில் படமெடுத்தார். ஒரு பக்கம் அழுத முகம், மறு பக்கம் சிரித்த முகம், ஒரே ஆள். கிரேக்க நாடகத்தின் இரண்டு முகமூடிகள் மாதிரி.

நானும் செய்து பார்த்தேன். பொள்ளாச்சிப் பக்கம் அவுட்டோர், மத்தியானச் சாப்பாட்டு நேரம். லைட் யூனிட்டில் ஒரு அண்ணன், 30 வருஷ சர்வீஸ். "என்ன தம்பி இது, கேமரா கழுத்தைத் திருப்புது!" என்று வந்தவரையே பிடித்து நிறுத்தினேன். "அண்ணே, இந்தப் பக்கம் முறைச்சுக்கிட்டு நில்லுங்க. கிர்ருன்னு சத்தம் கேட்டதும் என் முதுகுக்குப் பின்னால ஓடி அந்தப் பக்கம் போய்ச் சிரிங்க." மூன்று தடவை தப்பிப் போயிற்று. இரண்டு தடவை அவர் சேரும் முன் லென்ஸ் சேர்ந்துவிட்டது, ஒரு தடவை நானே அவர் ஓடுவதைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். நாலாவது விழுந்தது. டெவலப் பண்ணி வந்ததும் லூப் என்ற பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். இடது பக்கம் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார், இரண்டு காலிலும் ரப்பர் செருப்பு. வலது பக்கம் வாயெல்லாம் பல், வலது காலில் செருப்பு இல்லை. என் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. நடுவில் சாப்பாட்டு வரிசை, தட்டோடு திரும்பிப் பார்க்கும் காஸ்ட்யூமர், சாய்த்து வைத்த தெர்மாகோல், தூரத்தில் கேரவன் வாசலில் ஹீரோ. ஹீரோ கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை.

22 வருஷத்தில் நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படங்களை எண்ணச் சொன்னால் ஒரு கை போதும். அதில் இது உண்டு.

பிரிட்ஜஸுக்கு இருக்கிற ஒரு வசதி எனக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் கேமராவை எடுத்தால் யாரும் விறைப்பாக மாட்டார்கள். அவர் அவர்களில் ஒருத்தர், அதே மேக்கப்பில் அதே வெயிலில் காத்திருக்கிறவர். நான் கேமராவைத் தூக்கினால் நடிகர்கள் தாடையை நிமிர்த்துவார்கள், டெக்னீஷியன்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். இரண்டு வருஷ வைட்லக்ஸில் அந்த ஒதுங்கல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இதன் முன்னால் ஒதுங்கினாலும் ஃபிரேமுக்குள்தான் இருப்பார்கள், அது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

குறைகளையும் கேளுங்கள், ஏனென்றால் காசு உங்களுடையது.

ஃபிலிம் மாட்டுவது பொறுமைக்குப் பரீட்சை. ஃபிலிமின் நாக்கை, அதாவது அதன் முன் நுனியை, உருளைகளுக்கு அடியில் விட்டு எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ரோல் முழுக்க ஓடாமலே ஓடிய மாதிரி காட்டும், எனக்கு அப்படி இரண்டு ரோல் போயிற்று. சாதாரணக் கேமரா மாதிரி முன்பக்கம் விரலை வைத்துப் பிடித்தால் விரல் படத்தில் வரும், என் முதல் ரோலில் 21-ல் 9 படங்களில் என் விரல்கள். மேலே ஒரு ரசமட்டக் குமிழி இருக்கிறது, அதைப் பார்க்காமல் எடுத்தால் தொடுவானம் வாழை இலை மாதிரி வளையும். நேர்ச்சுவருக்குப் பக்கத்தில் நின்றால் மட்டம் பார்த்தாலும் சுவர் வளையத்தான் செய்யும். ஃபிளாஷ் அடிக்க முடியாது, அந்தப் பிளவு நிற்கிற இடத்தில் மட்டும் ஒரு கோடு வெளுக்கும். டேக் நடக்கும்போதும் முடியாது, சத்தம் வரும். ரிகர்சல், லைட்டிங், சாப்பாட்டு நேரம், இவைதான் இதன் நேரம்.

வாங்கும் முன் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது பட்டை. பழைய கிரீஸ் கெட்டியாகிவிட்டால் உருளை சீராகத் திரும்பாது, திணறுகிற இடத்திலெல்லாம் படத்தில் மேலிருந்து கீழாக வெள்ளையும் கருப்புமாகப் பட்டை விழும். வெறும் வானத்தை மூன்று வேகத்திலும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். என்னுடையதில் 1/15-ல் பட்டை இருந்தது. கழற்றிச் சுத்தம் செய்த செலவையும் சேர்த்து ஒன்றேகால் லட்சம் ஆயிற்று. கருப்பு வெள்ளை ரோல் ஒன்று ஆயிரம் ரூபாய் பக்கம், அதாவது ஒரு படத்துக்கு ஐம்பது ரூபாய் ஃபிலிமுக்கு மட்டும்.

லேப் விஷயத்தில் நான் பட்டதை நீங்கள் படக்கூடாது. பெயர் வேண்டாம். "அகலமான ஃபிரேம், வெட்டாதீங்க" என்று கவர் மேலே எழுதிக் கொடுத்தேன். வழக்கமான அளவிலேயே வெட்டிவிட்டார்கள். ஒரு படத்தில் சமையல் அண்ணன் அண்டாவுக்கு மேல் குனிந்திருக்கிறார், சரியாக அவர் கழுத்தில் கத்தரி. அந்த ஷெட்யூல் முடிந்த மாதத்தில் அவர் தவறிவிட்டார். வேறு படம் என்னிடம் இல்லை. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து ஸ்கேன் பண்ணி அவர் வீட்டுக்குக் கொடுத்தேன், நடுவில் ஒரு கோடு தெரியும். அன்றிலிருந்து வீட்டிலேயே டெவலப் பண்ணுகிறேன், ஃபிளாட்பெட் ஸ்கேனரில் நானே ஸ்கேன் பண்ணுகிறேன். பிரிண்ட் போடுகிறவர்கள் கவனிக்க: 35 மி.மீ. என்லார்ஜரில் இந்த நெகட்டிவ் அடங்காது, பெரிய நெகட்டிவுக்கான என்லார்ஜர் வேண்டும்.

புதிதாக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சேதி. பேனான் வைட்லக்ஸ் நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. ஜெஃப் பிரிட்ஜஸும் சூசனும் ஒரு ஜெர்மன் புகைப்படப் பத்திரிகைக்காரர்களோடு சேர்ந்து, வைட்லக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் இதைத் திரும்பச் செய்யப் போவதாக 2024-ல் அறிவித்தார்கள். அதையும் பேட்டரி இல்லாத மெக்கானிக்கல் கேமராவாகவே செய்கிறார்கள். நான் அதைக் கையில் தொட்டதில்லை, அதனால் அதற்கு மார்க் போட மாட்டேன்.

கல்யாணம் எடுக்கிற தம்பிகள் இதை நம்பி அட்வான்ஸ் வாங்க வேண்டாம். இயற்கைக் காட்சிக்கும் வேண்டாம், செல்போனிலேயே பனோரமா வருகிறது. ஆனால் மனிதர்கள் கூடி வேலை செய்கிற இடம் உங்களுடையது என்றால், நாடகக் குழு, அச்சகம், தறிக்கூடம், மீன் இறங்குதுறை எதுவானாலும், வாங்குங்கள். எட்டடி தூரத்தில் போய் நில்லுங்கள். 140 டிகிரியில் யாரையும் வெளியே தள்ள வழி கிடையாது.

போன படத்தில் பூசணிக்காய் உடைத்த அன்று நானும் ஆல்பம் கொடுத்தேன். 34 படம், நீளவாக்கில் மடித்து நூல் போட்டுத் தைத்தது, 60 பிரதி. சம்பளத்திலிருந்து கொஞ்சம் போயிற்று. செருப்பு அண்ணன் தன் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, இன்னொண்ணு கிடைக்குமா? ஊர்ல அம்மாவுக்கு. நான் என்ன வேலை பார்க்கிறேன்னு அதுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியல" என்றார்.

அடுத்த ஷெட்யூல் தேனியில். எட்டு ரோல் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.