கிராக் பேஜ்மேக்கரா, ஸ்கிரைபஸா: டிடிபி கடைக்கு எது கட்டுப்படியாகும்?

கணினியில் புத்தகப் பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கரின் 7-ஆம் பதிப்பு வந்தது 2001-இல். அதன் நிறுவனமான அடோபி அதை மேம்படுத்துவதை 2004-இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் தமிழ் டிடிபி (கணினிப் பக்க வடிவமைப்பு) மேசைகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய குறுந்தட்டு கையில் இருந்தால் அதை ஓட்டுவதில் தப்பில்லை. சிக்கல், உரிமப் பூட்டை உடைத்து (கிராக் செய்து) பென் டிரைவில் கைமாறி வந்த பிரதிகளில்தான்.

‘கம்பெனியே விற்காத சரக்குதானே’ என்ற வாதம் எடுபடாது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தாதவரைச் சிறையின்றி விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. டிடிபி கடை அந்தக் கணக்கில் வராது. பெரிய அமெரிக்க நிறுவனத்துக்கு என்ன நஷ்டம் என்று மனம் சமாதானம் சொல்லும். அதே கணினியில் காப்பியடித்துக் குவித்திருக்கும் தமிழ் எழுத்துருக்களை வரைந்தவர் நம்மூர்க்காரர் என்பதற்கு என்ன சமாதானம்?

மாதச் சந்தா கட்ட முடிகிறவர்களுக்கு அடோபியின் இன்டிசைன் இருக்கிறது. அதில் எழுத்துகளை அடுக்கும் முறையாக ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தால் தமிழ் ஒழுங்காக வரும். சின்னக் கடைக்குச் சந்தா சுமைதான். அதனால் என் ஓட்டு, இதே வேலையை இலவசமாகச் செய்யும் ஸ்கிரைபஸுக்கு. 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும். பழைய 1.4-இல் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி ‘கொ’ சிதறும்.

விலையைவிடப் பெரிய காரணம், வேலை முடிந்த பிறகு அந்தக் கோப்பு என்ன ஆகிறது என்பது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறிமுறை) தெரியாது. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பக்கம் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள். தேட முடியாது, மின்னூலாக்க முடியாது, எழுத்துருவை மாற்றினால் குப்பை. இரண்டாம் பதிப்பு வரும்போது கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கினாலும், இடையில் வந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் கெடுத்து வைக்கும். முழுப் புத்தகத்துக்கும் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும். இலவசம் என்று நினைத்த மென்பொருள் அந்தக் கூலியில் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது. கிராக் போட ஆன்டிவைரஸை அணைப்பதும் வழக்கம். ஸ்டாப்/டிஜேவியூ என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சு மென்பொருள்) பரவியதே பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக்குகள் வழியாகத்தான். அது கோப்புகளைப் பூட்டிவிட்டால், பேக்கப் இல்லாத கடையில் பழைய வேலை அத்தனையும் போச்சு.

மாறும்போது முதலில் லிப்ரேஆபிஸ் ரைட்டர் என்ற இலவசத் தட்டச்சு மென்பொருளில் யூனிகோடில் அடித்து மெய்ப்பை முடியுங்கள். ஸ்கிரைபஸில் பக்கம் கட்டத் தொடங்கிய பிறகு திருத்தினால் வேலை இரட்டிப்பு. எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போதும். அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறது. 11 புள்ளி எழுத்துக்கு 16 புள்ளி வரி இடைவெளி வைத்துப் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் இருபுறமும் சீர்செய்த பத்தியில் சொற்களுக்கு இடையே ஓட்டை விழும். எழுத்து அகலத்தை 97 முதல் 103 சதவீதம் வரை நீளவிட்டால் பெரும்பாலும் அடங்கும். பிளீட் (வெட்டும் விளிம்புக்கு வெளியே விடும் கூடுதல் பகுதி) 3 மி.மீ. எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம். ரைட்டரிலிருந்து நேரே பிடிஎஃப் எடுத்தால் நிறம் ஆர்ஜிபியாக (திரைக்கான நிறமுறை) போய், கறுப்பு எழுத்து நான்கு மைக்கான நான்கு பிளேட்டிலும் ஏறி, ரெஜிஸ்டர் (பிளேட்டுகளின் பொருத்தம்) கொஞ்சம் விலகினாலும் மங்கும்.

ஸ்கிரைபஸில் குறையும் உண்டு. முந்நூறு நானூறு பக்கத்தை ஒரே கோப்பில் தொடர்ச்சியாகக் கோத்தால் திணறும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு என்று பிரிக்க வேண்டும். இரவு பத்து மணிக்குப் பக்கம் முடிக்கும் நாளிதழுக்கு இதைச் சிபாரிசு செய்ய எனக்குத் துணிவில்லை.

பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரேஆபிஸ் டிராவில் திறந்து பார்க்கலாம். வடிவமைப்பு அங்கங்கே கலையும், உரையை மீட்க அது போதும். பழகிக்கொள்ள முதலில் ஒரு கல்யாணப் பத்திரிகையோ விசிட்டிங் கார்டோ செய்து பாருங்கள். அவசரப் புத்தகத்தில் கைவைக்க வேண்டாம்.