38,000 ரூபாய்க்கு ஒரு இங்க்ஜெட் பிரிண்ட்: பழைய மேஜிக் போஸ்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஃபிரேமைப் பிரித்தது நேற்று ராத்திரி. வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பழைய சாமான்களை ஆளுக்கு ஆள் விற்கும் ஒரு ஆப். விற்றவர் ஏற்காட்டில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். பொருள், கார்ட்டர் என்ற அமெரிக்க மேஜிக்காரரின் 1920களின் ஷோ போஸ்டர். அவர் சாத்தானோடு சீட்டாடுவாரே, அந்தப் படம். விலை 38,000.

கவிழ்த்தது ஒரே ஒரு பேச்சு. "கார்ட்டர் இந்தியாவுக்கு ஷோ பண்ண வந்தவருங்க சார், இது எஸ்டேட் பங்களா பரண்ல கிடைச்சதுங்க." முதல் பாதி நிஜம். கார்ட்டர் 1936-ல் இறந்ததே பம்பாயில்தான். அந்த நிஜத்தைக் காட்டி மீதிப் பொய்யைத் தலையில் கட்டிவிட்டார். ஏற்காட்டுப் பனியில் அத்தனை வருஷம் பரணில் கிடந்த தாளில் ஒரு பூஞ்சைப் புள்ளிகூட இல்லை, இராமபாணப் பூச்சி ஒரு ஓரத்தைக்கூடத் தொடவில்லை. அங்கேயே உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிக் காட்டச் சொன்னதற்கு, "கழட்டுனா தாளு கையோட வந்துருங்க" என்றார்.

கழற்றினால் ஒன்றும் வரவில்லை. வழவழவென்று புதுத் தாள். மடிப்புக் கோடுகள்கூட அச்சில் இருக்கின்றன, விரலால் தடவினால் மடிப்பே இல்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கண்ணில் இடுக்குகிற 10 மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தாயிற்று. அசல் போஸ்டர் கல் அச்சு (லித்தோ). அதில் ஒவ்வொரு நிறத்தையும் கொழுப்புக் கிரேயானால் கல்லில் கையால் வரைவார்கள். மணல் தூவியது போலச் சின்னதும் பெரிதுமாகப் பொரிபொரியாக விழும். கறுப்பு எழுத்து ஒரே மையில் கெட்டியாக நிற்கும். இதில் கறுப்பு எழுத்தின் ஓரத்திலேயே நீலமும் சிவப்பும் தூசியாகத் தெறித்திருக்கிறது, இங்க்ஜெட் வேலை. அடியில் இருக்கும் 'ஓடிஸ் லித்தோ, கிளீவ்லேண்ட்' என்ற அச்சகப் பெயர் வரியும் போட்டோவில் இருந்து வந்ததுதான், மங்கல். அளவு 24க்கு 36 அங்குலம், கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஃபிரேம் அளவு! அசல் 'ஒன்-ஷீட்', அதாவது ஒற்றைத் தாள் போஸ்டர், சுமார் 27க்கு 41. கள்ளநோட்டு பார்க்கும் டார்ச்சை அடித்தால் தாள் நீலவெள்ளையாக ஜொலிக்கிறது. தாளை இப்படி ஜொலிக்க வைக்கும் வெளுப்பு ரசாயனம் சேர்க்க ஆரம்பித்ததே 1950 வாக்கில்தான். பழுப்பு நிறம் டீ டிகாஷன் வேலை. பழைய அமிலத் தாள் ஓரத்திலும் மடிப்பிலும்தான் முதலில் பழுக்கும், தொட்டால் நொறுங்கும். இது முன்னும் பின்னும் ஒரே சீராகப் பழுத்திருக்கிறது.

போன் போட்டால், "பிரிச்சுட்டீங்க, இனி ரிட்டர்ன் இல்லைங்க." அடுத்த தடவை, "ஒரிஜினல்னு நான் எங்க சொன்னேன்?" அதற்குள் விளம்பரத்தில் 'விண்டேஜ் ஸ்டைல்' என்று திருத்தியாயிற்று. பிறகு புளூ டிக் மட்டும். ஆப்காரர்களோ, பணம் ஆப்புக்கு வெளியே ஜிபேயில் போனதால் தங்களுக்குச் சம்பந்தமில்லையாம். 38,000 ரூபாய்!

விவரமாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. ஃபிரேமோடு வாங்காதீர்கள். பின்பக்கம், நாலு மூலை, அடிவரி எல்லாவற்றையும் கிட்டத்தில் போட்டோ கேளுங்கள். டேப் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். ஆப்புக்கு வெளியே பணம் போடாதீர்கள். விளம்பரத்தை முதல் நாளே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

இன்று காலை அதே படம், அதே கண்ணாடிப் பளபளப்பு, 42,000 என்று மறுபடி ஏறியிருக்கிறது.