"திருகோணமலை–சென்னை ஒரு மணித்தியாலம்" என்ற தாளை நம்பிக் காசு கட்டாதீர்கள்

உப்புவெளிக் குடும்பம் ஒன்று, அப்பாவின் கண் சத்திரசிகிச்சைக்குச் சென்னை போக, நகரில் ஒரு பயண முகவரிடம் முழுக் காசையும் கட்டியது. அவர் கொடுத்த தாளில் "திருகோணமலை–சென்னை 505 கி.மீ., பறக்கும் நேரம் 1 மணி" என்று அச்சடித்திருந்தது. தூரம் பொய்யில்லை. திருகோணமலை விமான நிலையம் உள்ள சீனக்குடாவிலிருந்து சென்னை விமான நிலையம் உள்ள மீனம்பாக்கத்துக்கு நூல் பிடித்து அளந்தால் அவ்வளவுதான் வரும். ஆனால் சீனக்குடாவிலிருந்து சென்னைக்குப் பயணிகள் விமானமே கிடையாது. பதிந்திருந்தது கொழும்புப் பக்கம் உள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து. அது தெரிய வந்தது பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு.

சென்னை நமக்கு வடக்கே. கட்டுநாயக்காவோ தென்மேற்கே. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 250 கி.மீ. இறங்கி, அங்கிருந்து 645 கி.மீ. திரும்ப வடக்கே பறக்க வேண்டும். காலை 7.30 விமானம் என்றால் 4.30க்கு நிலையத்தில் நிற்க வேண்டும். அங்கே போக வான் வண்டியில் ஆறு மணித்தியாலம். ஹபரணைப் பக்கம் இரவில் யானை ரோட்டுக்கு வரும், ஓட்டுநர் வேகம் எடுக்க முடியாது. ஆகவே முதல்நாள் இரவு ஒன்பதரைக்காவது வீட்டை விட்டு இறங்க வேண்டும். சென்னையில் குடிவரவு முடித்துப் பொதி எடுக்கக் காலை பத்தாகிவிடும். நோயாளியோடு பன்னிரண்டரை மணித்தியாலம். இதை அந்த முகவர் முதலே சொல்லியிருக்க வேண்டும்.

பறக்கும் நேரத்தையும் தூரத்தை வேகத்தால் வகுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஜெட் விமானம் 800 கி.மீ. வேகத்தை எட்டுவது உயரே போன பிறகுதான். ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்த்துத்தான் அட்டவணையில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி வரை போடுவார்கள். யாழ்ப்பாணத்துப் பலாலி–சென்னை 355 கி.மீ.தான். ஆனாலும் அங்கே பறப்பது ஏடிஆர் போன்ற சுழலி (புரொப்பெல்லர்) விமானம் என்றால் வேகம் 500 அளவுதான், அதுவும் ஒரு மணியைத் தாண்டும். அன்று சேவை இருந்தால், வவுனியா வழியாகப் பலாலி போவது நமக்குத் திசைக்கும் பொருந்தும்.

துபாய் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்குக் காட்டுகிறார்கள். புறப்பாடு 10.00, இறங்குவது 1.15, "மூன்றேகால் மணிதான்" என்று. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், ஆகவே பறப்பது நாலே முக்கால் மணி. இதை நம்பி அடுத்த விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுத்து, முதல் விமானம் பிந்தினால், இரண்டாவது டிக்கெட்டின் காசு பெரும்பாலும் போனதுதான்.

அந்தக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய அடி கவுண்டரில் விழுந்தது. கையில் இருந்தது டிக்கெட்டே அல்ல, இடம் பிடித்து வைத்த பதிவு மட்டும். முகவர் விமான நிறுவனத்துக்குக் காசு கட்டாததால் அது தானாக ரத்தாகியிருந்தது. ஆறு எழுத்துப் பதிவு எண் இருந்தால் மட்டும் போதாது. 13 இலக்க டிக்கெட் எண் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ரீலங்கன் டிக்கெட் என்றால் அது 603 என்று தொடங்கும். முகவரின் மேசைக்கு முன்னால் இருந்தபடியே விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் பதிவு எண்ணையும் கடவுச்சீட்டில் உள்ள குடும்பப் பெயரையும் போட்டுப் பாருங்கள். டிக்கெட் எண் வந்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.

புறப்படும் விமான நிலையத்தின் பெயரையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் அந்தச் சீட்டையும் அச்சடித்த தாளையும் எறியாமல் வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம்.