பெட்டியில் வரும் பிசி கேம் வாங்கப் போகிறீர்களா? சீலைப் பிரிக்கும் முன் இதைப் படியுங்கள்

காசு கொடுத்து வாங்கிய பிசி கேமின் பெட்டி என் மேசை மேல் இருக்கிறது. கேம் இல்லை. விற்ற கடையின் பெயரையும், அந்த கேம் ஓடக் கட்டாயமாக வேண்டும் என்கிற டிஜிட்டல் தளத்தின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் "சரி, அந்தக் கடையில் வாங்காமல் இருந்தால் போதும்" என்று நீங்கள் நினைத்துவிடலாம். எந்தக் கடையில் வாங்கினாலும் இதே கதி நேரலாம்.

ஆன்லைனில்தான் வாங்கினேன். பிளாஸ்டிக் உறை பிரியாமல் புதுப் பெட்டியாக வந்தது. முன்னட்டையில் படம் பிரமாதம். பின்னட்டையின் அடியில் பொடி எழுத்தில், இணைய இணைப்பும் அக்கவுண்டும் தேவை என்று ஒரு வரி. திறந்தால் டிஸ்க் இல்லை. டிஸ்க் வைக்கும் இடம் மட்டும் அச்சு மாறாமல் இருந்தது, யாருக்காக என்று தெரியவில்லை. அதன் மேல் ஒரு துண்டுச் சீட்டு, சீட்டில் ஒரு கோடு (code), அதாவது கேமை அக்கவுண்டில் சேர்க்கப் போட வேண்டிய எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை.

கேமை இறக்கவும் ஓட்டவும் வேண்டிய லாஞ்சர் என்ற மென்பொருளை இறக்கி, அக்கவுண்ட் தொடங்கி, போன் நம்பரைக் கொடுத்து உறுதிசெய்து, கோடைப் போட்டேன். "இந்தக் கோடு ஏற்கெனவே வேறொரு அக்கவுண்டில் பயன்படுத்தப்பட்டுள்ளது" என்றது. பூஜ்யமா ஓ-வா, எட்டா பி-யா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில், அதிக முறை முயன்றுவிட்டேன் என்று சொல்லி ஆக்டிவேஷனையே கொஞ்ச நேரம் பூட்டிவிட்டது. திருடனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது அந்த லாஞ்சர்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். கடைக்காரர், "சீல் பிரித்த சாஃப்ட்வேரைத் திருப்பி எடுப்பதில்லை" என்றார். சீலைப் பிரிக்காமல் கோடு செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். அது கம்பெனி விதி என்றார். தளத்தின் சப்போர்ட்டில், "எங்களிடம் நேரடியாக வாங்கியதற்கு மட்டுமே ரீஃபண்ட், கோடு எங்கே வாங்கினீர்களோ அங்கே கேளுங்கள்" என்று பதில் வந்தது. கேமை வெளியிட்ட நிறுவனம் கொஞ்சம் மரியாதையாகப் பேசியது. கோடு இருக்கும் சீட்டின் மேல் புகார் எண்ணைக் கையால் எழுதிப் படமெடுத்து, பில்லோடு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். "கோடு முறையாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது, வேறு அக்கவுண்டுக்கு மாற்ற இயலாது, விற்பனையாளரை அணுகவும்" என்று பதில் வந்தது. மறுபடியும் கடை. இந்த முறை கடைக்கு எழுதியது கிணற்றில் போட்ட கல்.

உறை பிரியாத பெட்டிக்குள் இருக்கும் கோடை வேறொருவர் எப்படிப் பயன்படுத்தினார்? பிளாஸ்டிக் உறையைச் சூடுகாட்டி மறுபடி ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. யாரோ வாங்கி, கோடை எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்த பெட்டி எனக்கு வந்திருக்கலாம். வழியில் யாராவது கைவைத்திருக்கலாம். எனக்கு எரிச்சல் என்னவென்றால், அந்தக் கோடு எந்தத் தேதியில் எந்த அக்கவுண்டில் ஏறியது என்பது தளத்துக்குத் தெரியும். என் பில்லில் தேதி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான் வாங்குவதற்கு முன்பே அது செலவான கோடா இல்லையா என்று தெரிந்துவிடும். மூன்று இடத்தில் ஒருவர்கூட அந்த ஒரு வேலையைச் செய்ய முன்வரவில்லை.

இதே கேமை, டிவியில் இணைத்து விளையாடும் கன்சோலுக்கான டிஸ்க்கில் வாங்கிய என் சித்தப்பா மகன், டிஸ்க்கைச் செருகினான், அப்டேட்டுக்காகக் காத்திருந்தான், விளையாடினான். முடித்ததும் நண்பனுக்கு இரவல் கொடுத்துவிட்டான். "பிசிதாண்ணா பெஸ்ட்னு சொன்னீங்க" என்று கேலி வேறு. கிராபிக்ஸ், மாட் (ரசிகர்களே கேமில் செய்து சேர்க்கும் மாற்றங்கள்), கீபோர்டு மவுஸ் என்று இத்தனை நாள் அவனிடம் நான் பேசிய பேச்சுக்கெல்லாம் அந்த ஒரு டிஸ்க் பதில் சொல்லிவிட்டது.

பிசியில் இந்த நிலை நேற்று வந்ததல்ல. பிசி கேம்களை ஆன்லைனில் விற்கும் தளமான ஸ்டீமை வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கியது. 2004 நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃப் 2-ஐக் கடையில் டிஸ்க்காக வாங்கியவர்களும் ஸ்டீம் அக்கவுண்ட் தொடங்கினால்தான் விளையாட முடிந்தது. அன்றைக்குத் திட்டாதவர்கள் குறைவு. பிறகு தள்ளுபடியும் தானாக வரும் அப்டேட்டும் எல்லோரையும் பழக்கிவிட்டன, என்னையும் சேர்த்துத்தான். கோடு அக்கவுண்டில் ஏறிவிட்டால் அதோடு சரி. விற்கவோ, அந்தக் கோடைத் தம்பிக்குக் கொடுக்கவோ முடியாது. பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு ஸ்டீம் கேம்களை மறுவிற்பனை செய்யும் உரிமை கேட்டு வழக்குப் போட்டு 2019-இல் ஜெயித்தது. 2022-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறிவிட்டது.

கன்சோல்காரர்கள் ஒரு சமயம் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிவிப்பு வந்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும், பழைய டிஸ்க்குகளை விற்பதற்குக் கட்டுப்பாடு என்றெல்லாம் மைக்ரோசாஃப்ட் சொன்னது. கிளம்பிய கூச்சலில் ஜூன் மாதமே அதைக் கைவிட்டார்கள். பிசி பக்கம் அப்படி ஒரு கூச்சல் ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை.

அதற்காகக் கன்சோலுக்கு ஓடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் கதவு மெல்ல மூடிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் டிரைவே கிடையாது. பிளேஸ்டேஷன் 5 ப்ரோவுக்கு டிரைவைத் தனியாக வாங்க வேண்டும். டிரைவ் இல்லாத கன்சோலில் பெரும்பாலும் அவர்கள் கடையை நம்பித்தான் இருக்க வேண்டும். பிசியில் பல கடைகளில் விலை பார்த்து வாங்கலாம், அந்த வசதி உண்மையானது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் கேம்-கீ கார்டுகளில் கேம் இருக்காது, டவுன்லோட் செய்ய வேண்டும். ஆனாலும் அந்தக் கார்டு யார் கையில் இருக்கிறதோ அவர் விளையாடலாம், விற்கவும் செய்யலாம். எனக்கு வந்த துண்டுச் சீட்டுக்கு அந்த மதிப்பும் இல்லை.

கோடு சரியாக வேலை செய்தவர்களும் ரொம்ப நிம்மதியாக இருக்க வேண்டாம். யுபிசாஃப்டின் தி க்ரூ என்ற கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31-இல் நிறுத்தினார்கள். தனியாக ஓட்டி விளையாடுகிற பகுதியும் அதோடு போனது. டிஸ்க் வைத்திருந்த கன்சோல்காரர்களுக்கும் அதே கதிதான். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், கிடைப்பது வெறும் லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் கடைகள் "வாங்கு" என்ற பட்டனை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அறிவிப்பு தெளிவாகிறது, நம் உரிமை கூடவில்லை.

இனி பெட்டி வாங்குகிறவர்கள் பின்னட்டையில் 'டிஸ்க் இல்லை', 'அக்கவுண்ட் தேவை' என்ற வரிகளைத் தேடிப் படியுங்கள். எந்த லாஞ்சர், ஒன்றா இரண்டா என்றும் பாருங்கள். சில கேம்களுக்கு ஸ்டீமுக்கு மேல் வெளியீட்டாளரின் லாஞ்சர் வேறு வேண்டும். உறையைப் பிரிப்பதிலிருந்து கோடைப் போடுவது வரை ஒரே வீடியோவாக எடுங்கள். செகண்ட் ஹேண்ட் பிசி பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். பெட்டி மேல் ஆசை இல்லை என்றால் தளத்திலேயே நேரடியாக வாங்குவது மேல். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். ஜிஓஜி தளத்தில் கிடைக்கும் கேம் என்றால் இன்ஸ்டாலரையே இறக்கித் தனி டிரைவில் வைத்துக்கொள்ளலாம், லாஞ்சர் தயவு தேவையில்லை. அங்கே எல்லாப் புது கேமும் வருவதில்லை, அதுதான் குறை.

நான் இப்போது, பணம் கட்டிய கார்டைக் கொடுத்த வங்கியில் கடை மேல் புகார் போட்டிருக்கிறேன். கடையில் வாங்கியதால்தான் துணிந்து செய்தேன். தளத்திலேயே நேரடியாக வாங்கியவர்கள் அவசரப்பட்டு இப்படிச் செய்யாதீர்கள். வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப இழுத்தால் பல தளங்கள் அக்கவுண்டையே முடக்கிவிடும், அந்த ஒரு கேமோடு இதுவரை வாங்கிய அத்தனையும் உள்ளே மாட்டிக்கொள்ளும். முதலில் அவர்களுடைய ரீஃபண்ட் வழியில் கேட்டு, மறுத்தால் அந்தப் பதிலைச் சேமித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வங்கிக்குப் போவதா என்று முடிவு செய்யுங்கள்.