பால்கனி இல்லாத வீட்டுப் புதினாவுக்கு: பிங்க் குரோ லைட்டா, 9 வாட் பல்பா?

'40 வாட்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் கிளிப் வைத்த பிங்க் குரோ லைட்டை, அதாவது செடி வளர்க்கும் விளக்கை, வாங்கும் முன், அது எந்த அடாப்டரில் ஓடுகிறது என்று பாருங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் உள்ளே போவதே 10 வாட்தான். மூன்று தலை இருந்தால் தலைக்கு மூன்றரை வாட்கூடத் தேறாது. வளையும் கழுத்தும் நாள்பட நாள்படத் தொங்கிவிடும்.

வெளிச்சம் போலி என்று சொல்ல மாட்டேன். பச்சையம் அதிகம் உறிஞ்சுவது சிவப்பையும் நீலத்தையும்தான். ஆனால் பச்சை ஒளி வீண் என்பது விற்பவர் கட்டிய கதை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இலைக்குள் சிவப்பும் நீலமும் மேலடுக்கிலேயே பெரும்பாலும் தீர்ந்துபோகும். அடியில் உள்ள செல்கள் வரை இறங்குவது பச்சை. வெள்ளை பல்பில் மூன்றும் உண்டு. பிங்க் வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரிவதால் மஞ்சளிப்பும் கண்ணில் படாது.

என் ஓட்டு சாதாரண 9 வாட், 6500 கெல்வின் (குளிர்ந்த வெள்ளை நிறம்) எல்இடி பல்புக்கு. மொத்தமாகச் சுமார் 900 லூமன் ஒளி தரும். சூட்சுமமெல்லாம் உயரத்தில்தான். இலை நுனியிலிருந்து 15 செ.மீ.யில் ஏறக்குறைய 6,000 லக்ஸ் (இலைமேல் விழும் ஒளியின் அளவு) கிடைத்தால், 30 செ.மீ.க்கு ஏற்றியதும் 1,500-க்கு இறங்கும். 60-ல் 400கூட இருக்காது. அறையின் உச்சியில் எரியும் பல்பை நம்பிச் செடி வைப்பது வீண்.

வெளிச்சம் போதவில்லை என்பதை வெந்தய நாற்று முதலில் காட்டிக்கொடுக்கும். தண்டு வெளுத்து, நூல் மாதிரி நீண்டு, இரண்டு சின்ன இலையைத் தாங்க முடியாமல் சாயும். உரம் போட்டு அது நிமிராது; பல்பைத் தாழ்த்துங்கள். பக்கவாட்டில் வைத்தால் நிழல் பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீண்டு, தண்டு விளக்கை நோக்கி வளையும். அதனால் நேர் மேலே தொங்கவிட்டு, சுற்றிலும் வெள்ளைச் சார்ட் அட்டை நிறுத்துங்கள். வெளியே சிதறும் ஒளி திரும்பி வரும்.

டைமரில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வையுங்கள். மாதம் 4 யூனிட்டைத் தாண்டாது. 24 மணி நேரமும் எரியவிட வேண்டாம்.

பல்பைச் சுற்றி மூடிய ஷேடு கூடாது. ஹோல்டர் மேலே, குமிழ் கீழே என்று தொங்கும்போது சூடு மேலேறி டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றும் சர்க்யூட்) இருக்கும் அடிப்பகுதியில் தேங்கும். பல்பு சீக்கிரம் சாவது பெரும்பாலும் அங்கேதான். தண்ணீர் தெளிக்கும்போது ஸ்விட்சை அணைத்துவிடுங்கள், ஹோல்டருக்குள் துளி போகக் கூடாது.

புதினா, வெந்தயக்கீரை, மணி பிளாண்ட்டுக்கு ஒரு பல்பு போதும். மிளகாயும் தக்காளியும் இதில் காய்க்காது. இலை மட்டும் விட்டுக்கொண்டு நிற்கும்.