மச்சில் மரநாய் என்று ஆள் கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கம் பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. அதிலும் நீங்கள் வெளியூரில் இருக்க, வயதான அப்பா அம்மா மட்டும் அந்த வீட்டில் இருந்தால் கட்டாயம் படியுங்கள். "மரநாய், எலி, வௌவால், குரங்கு, எல்லாத் தொல்லைக்கும் நிரந்தரத் தீர்வு, ஒரு வருட உத்தரவாதம்" என்று கார்டு அடித்துக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். அப்படி வந்த ஒருவர் எங்கள் வீட்டில் செய்துவிட்டுப் போன வேலையால் என் அப்பாவின் உயிருக்கே ஆபத்து வந்தது.

எங்கள் கிராமம் குத்தாலத்துக்குப் பக்கத்தில். சீமை ஓடு போட்ட வீடு, கூடத்துக்கு மேலே பலகை மச்சு. ஆவணி வாக்கில் ராத்திரியானால் மச்சில் நடமாட்டம் கேட்க ஆரம்பித்தது. எலி ஓடுகிற சத்தம் இல்லை, கனமான நடை. காலையில் கொல்லை மதில் மேல் பப்பாளி விதையாகக் கழிவு கிடக்கும். சில நேரம் அடுப்பே எரியாதபோது கூடத்தில் சோறு வேகிற வாசனை வரும். இந்த மூன்றும் சேர்ந்தால் மரநாய்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கார்டுக்காரர் வந்தார். "ஐயா, மெஷினைப் போட்டா அன்னிக்கே ஓடிடும், நீங்க நிம்மதியாத் தூங்கலாம்" என்று அப்பாவிடம் சொல்லி, 8,500 ரூபாய் மொத்தமாக முன்பணம் வாங்கிக்கொண்டார். மச்சுக்கு ஏறிப் பார்க்கவில்லை. தாழ்வாரத்து ஓரமாக ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்துகளை எல்லாம் ஃபோம் அடித்து மூடினார். கூடத்தில், நம் காதுக்குக் கேட்காத ஒலியால் விலங்குகளை விரட்டும் என்று விற்கிற அல்ட்ராசானிக் மெஷின் ஒன்றைப் பிளக்கில் சொருகினார். பட்டப்பகலில் இந்த வேலை நடந்தது என்பதைக் கவனியுங்கள். மரநாய் பகல் முழுக்கத் தூங்குகிற விலங்கு. அதாவது அது உள்ளே இருக்கும்போதே வழியை அடைத்துவிட்டார்.

அன்று ராத்திரி அது வெளியே போக வழி தேடி ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தைப் பிறாண்டி, முகட்டுப் பக்கம் ஓட்டைத் தள்ளி, நாலைந்து ஓடு முற்றத்தில் விழுந்து உடைந்தது. ஆனால் வெளியே போனது திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்தது. ஏனென்றால் மச்சில் குட்டிகள் இருந்தன. கீச்கீச்சென்று சத்தம் கேட்கிறது என்று அம்மா அவருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். "அதுக்கும் மருந்து இருக்கும்மா" என்று மறுபடி வந்து, காகிதப் பொட்டலங்களை மச்சில் போட்டுவிட்டு, "ஒரு வாரம் மேலே ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொட்டலத்தில் இருந்தது நெல்லுக்கு வைக்கிற மாத்திரை, அலுமினியம் பாஸ்பைடு. டெல்டாவில் நெல் சேமிக்கிறவர்களுக்குத் தெரியும்: காற்றில் உள்ள ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும். அது காற்றைவிடச் சற்றுக் கனமானது, முறிக்க மருந்தும் கிடையாது. 2024 நவம்பரில் சென்னைக்கு அருகே குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். பலகைச் சந்து வழியாக அந்த வாயு கூடத்துக்கு இறங்கியது. அப்பா கட்டில் போட்டுப் படுக்கிற இடம் அது. நடு ராத்திரியில் தலைவலி, வாந்தி. பூண்டு மாதிரி ஒரு நாற்றம். அம்மா கூப்பிட்ட குரலுக்கு எதிர்வீட்டுச் சித்தப்பா ஓடி வந்தார். நெல் வியாபாரம் பார்த்தவர், வாசலில் கால் வைத்ததும் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு பேரையும் வெளியே கொண்டுவந்து, கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அப்பா பிழைத்தது சித்தப்பாவால்தான்.

குட்டிகள் பிழைக்கவில்லை. பழைய ஜமக்காளத்தின் மடிப்புக்குள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன, இன்னும் கண்கூடச் சரியாகத் திறக்காதவை. தாய் அதற்குப் பிறகும் சில ராத்திரி ஓட்டின் மேல் வந்து சுற்றியதாக அம்மா சொல்லி அழுதார்.

மரநாய் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பொறி வைத்தாலும் விஷம் வைத்தாலும் சட்டப்படி வேட்டைதான். அந்த ஆள் போய்விடுவார், வீடு உங்களுடையது. அல்ட்ராசானிக் மெஷின் விஷயமும் அப்படித்தான். அந்த ஒலி சுவரையும் பலகையையும் தாண்டாது. கூடத்தில் வைத்தால் மச்சுக்கு என்ன பயன்? அமெரிக்காவின் வணிக ஆணையம் 2001-லேயே இத்தகைய கருவி விற்ற 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இங்கே இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் கூரையைச் சரி செய்தவர் ஊரிலேயே ஓடு மாற்றுகிற பெரியவர். அவர் முதலில் கேட்டது, "குட்டி ஏதும் இன்னும் இருக்கா, பார்த்தீங்களா?" என்றுதான். சந்து ஓரமாகக் கோலமாவைத் தூவி வைத்தார். காலையில் மாவில் கால் தடம் இருந்தால் அதுதான் போக்குவரத்து வழி. கூரையில் சாய்ந்த முருங்கைக் கிளையையும் தொங்கிய தென்னை மட்டையையும் கழிக்கச் சொன்னார். தொடர்ந்து சில நாள் தடம் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, இருட்டி வெகுநேரம் கழித்து அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் கம்பி வலையை அடித்து மூடினார். குட்டி இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் தாயோடு அதுவாகவே இறங்கிவிடும், அதுவரை அடைக்கக் கூடாது என்றார். அவர் வாங்கிய கூலி, கார்டுக்காரர் வாங்கியதில் பாதிகூட இல்லை.

யாராவது வந்தால் மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். குட்டி இருக்கிறதா, எந்த நேரத்தில் அடைப்பீர்கள், என்ன மருந்து, அதற்கு உரிமம் எங்கே என்று கேளுங்கள். பகலிலேயே அடைக்கிறேன், மருந்துப் பெயர் வேண்டாம் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவசரம் என்றால் வனத்துறை இருக்கிறது, 101-க்கு அழைத்தால் தீயணைப்புத் துறையினரும் வருவார்கள்.

கார்டுக்காரர் கொடுத்த உத்தரவாத அட்டையில் முகவரியே இல்லை. போன் நம்பர் இப்போது அணைந்து கிடக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பொட்டலத்தின் படம், பணம் அனுப்பிய விவரம் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். இதே மாதிரி கார்டு உங்கள் தெருவுக்கும் வந்திருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள், புகாரோடு சேர்க்கிறோம்.